பழைய ஸ்டேசன் உள்சுவர்: சுண்ணாம்புச் சாந்தா, சிமெண்டா, ஜிப்சம் பலகையா?

மலேசியாவில் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு 1909-இல் ரயில் பாதை போட்டு முடித்தார்கள். லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம் எனத் தோட்டப் பட்டணங்கள் அதை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. இப்போது அதே தடத்தில் 192 கிலோமீட்டர் மின்சார இரட்டைப் பாதை. இந்த மாதிரி ஊர்களில் பழைய செங்கல் நிலையம் மிஞ்சி, அதன் உள்ளே சீரமைக்கலாம் என்று பேச்சு வந்தால், வண்ணத்திலும் விளக்கிலும்தான் எல்லாரும் தொடங்குவார்கள். தொடங்க வேண்டியது சுவரில்.

முதலில் சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள். மூலையில் ஓர் ஆணியால் கீறினால் வெளுத்த பொடி உதிர்வது சுண்ணாம்புக் காரை. சாம்பல் நிறத்தில் கோடு மட்டும் விழுவது சிமெண்டு. பிறகு இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்தால் சுவருக்குள் ஓதம் இருக்கிறது. தாளின் வெளிமுகம் மட்டும் வேர்த்தால் அது அறைக் காற்றின் ஈரம்.

சிமெண்டுப் பூச்சு (சிமெண்டு ஒன்று, மணல் நாலு) மலிவு, கொத்தனார் எங்கும் கிடைப்பார், 28 நாளில் சாயம் அடிக்கலாம். ஆனால் பழைய செங்கல் மென்மையானது, நீரை உறிஞ்சி வெளியே விடுவது. அந்த வழியைச் சிமெண்டு அடைத்துவிடும். இரண்டடியில் நின்ற ஓதம் நாலடிக்கு ஏறும். நீரோடு வந்த உப்பு பூச்சின் பின்னால் படிகமாகிச் செங்கலின் முகத்தை உதிர வைக்கும். சில வருடங்களில் தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம். கொத்தி எடுக்கப் போனால் செங்கலும் சேர்ந்து பெயரும். இந்தக் கடைசிச் செலவை விலைப்பட்டியலில் யாரும் எழுதுவதில்லை. கழிப்பறைக்கும், பிற்காலத்தில் சிமெண்டிலேயே கட்டிய தடுப்புகளுக்கும் சிமெண்டுப் பூச்சு போதும்.

சுண்ணாம்புச் சாந்து பொறுமை கேட்கும். ஊறிய சுண்ணாம்பு ஒன்று, கூரான மணல் மூன்று. 100 சதுர மீட்டருக்கு 20 மில்லிமீட்டர் கனம் என்றால், பள்ளம் நிரப்புவதும் சேதாரமும் சேர்த்துச் சுமார் 2.5 கன மீட்டர் மணலும் 0.8 கன மீட்டர் சுண்ணாம்பும் வாங்கி வையுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், உப்பை நாமே கொண்டுவந்த கதையாகும். சுவரை முதல் நாளே நனைத்து, ஒரு தடவைக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் (கடைசிப் பூச்சு மட்டும் மெல்லிசு), இரண்டு பூச்சுக்கு நடுவே ஒன்று இரண்டு வாரம். மூன்று பூச்சும் போட்டுக் காய ஆறு வாரம் வரை ஆகும். கெடுவது இரண்டு வழியில்: பிற்பகல் வெயிலிலும் மின்விசிறிக் காற்றிலும் வேகமாகக் காய்ந்து வெடிக்கும்; அடைமழையில் சொதசொதவென்று கிடந்து இறுகாது. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டால் முதலாவது தீரும். இரண்டாவதற்கு மருந்து இல்லை, நவம்பர் முதல் ஜனவரி வரை அந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டியதுதான்.

ஜிப்சம் பலகையைப் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள், அது நியாயமில்லை. மூன்றில் பழைய சுவரை அதிகம் சீண்டாதது அதுதான். திருகைக் கழற்றினால் நிலையம் பழையபடி. ஒயரும் மறையும், ஒரு வாரத்தில் வேலை முடியும். ஆனால் ஓதச் சுவரை ஒட்டி அடித்தால் பின்னால் பூஞ்சை, பலகையின் காகிதத்துக்குக் கறையான். சட்டத்தைச் சுவரிலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தி, பலகையைத் தரையிலிருந்து 15 மில்லிமீட்டர் உயர்த்தி, மேலும் கீழும் காற்றுப் போகக் கம்பிவலை வைத்தால் அலுவலக அறைக்குப் பரவாயில்லை. பயணிகள் பையை மோதும் கூடத்துக்கு உதவாது.

ஆக, காத்திருப்புக் கூடத்துக்கும் டிக்கெட் முகப்புக்கும் சுண்ணாம்பு. மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் அத்தனை பாடும் வீண், மறுபடி மூச்சடைப்புதான். நீர்த்த சுண்ணாம்பு வெள்ளையை நாலைந்து தடவை அடியுங்கள். தோட்டத் தொழிலாளர் லயத்துச் சுவருக்குப் பண்டிகைக்கு முன் வெள்ளையடித்த கை இன்னும் ஊரில் இருந்தால் அதைவிட நல்ல ஆள் கிடையாது. கெட்டியாக அடித்தால் சாய்பவர் சட்டையில் ஒட்டும், அதனால் பெஞ்சுக்குப் பின்னால் ஒரு மரச்சட்டம். சுவரை மூச்சுவிட விடும் சிலிக்கேட் சாயம் சட்டையில் ஒட்டாது, நெடுநாள் நிற்கும், விலைதான் உறைக்கும்.

தரையைச் சுவரோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். பழைய சிவப்புச் சிமெண்டுத் தரைமேல் ஓடு பதித்தால் 25 மில்லிமீட்டர் உயர்ந்து கதவுகளை அறுக்க நேரும். தரை வழியே போன ஈரமும் சுவருக்குத் திரும்பும். விரிசலை அடைத்து மெருகேற்றுவதே மேல். கூரைத் தகடு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். ஆய்வகச் சோதனைக்கு முன் ஆணிகூட அடிக்காதீர்கள்.

எதைத் தேர்ந்தாலும் முதல் கூலியை வெளிப்புற வேலைக்குக் கொடுங்கள். மேடையைப் பலமுறை உயர்த்திய நிலையங்களில் காங்கிரீட்டு, சுவரின் அடிக்காற்றுத் துளைகளை மூடியிருக்கும். சுவரோரம் 200 மில்லிமீட்டர் அகலத்துக்கு அதை வெட்டி, சரளை நிரப்பி, வடிகாலோடு இணையுங்கள். அதன் பிறகு ஒரு மழைக்காலமாவது சுவரை அப்படியே விட்டுவிட்டு, அதே தாளை மறுபடி ஒட்டிப் பாருங்கள்.