பாளையங்கோட்டையில் அல்ஜீரியா கிரேப்: மஹ்ஜூபாவுக்காகவே போகலாம்

தெற்கு பஜார் பக்கம் புதிதாக வந்திருக்கும் சின்னக் கடை இது, அல்ஜீரியா பாணி கிரேப், அதாவது தோசை மாதிரி மெல்லிசாகச் சுடும் பலகாரம், போடுகிறார்கள். மஹ்ஜூபாவைக் கட்டாயம் சாப்பிடுங்கள். ரவை மாவை நன்றாகப் பிசைந்து ஊறவிட்டு, எண்ணெய் தொட்டுக் கையாலேயே அடியில் இருக்கிற மேடை தெரிகிற அளவுக்கு மெல்லிசாக விரித்து, நடுவில் வெங்காயம் தக்காளி வதக்கலை வைத்துச் சதுரமாக மடித்துக் கல்லில் போடுகிறார்கள். பார்க்க நம்ம வீச்சு பரோட்டா மாதிரி இருந்தாலும் மைதா கிடையாது, ஓரமெல்லாம் மொறுமொறுப்பு, உள்ளே காரம் சுருக்கென்று ஏறுகிறது. சால்னா தேவையே இல்லை.

பக்ரீர் இனிப்புக்கு. ரவையோடு ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவிட்ட மாவு, ஒரு பக்கம் மட்டும்தான் வேகவிடுவார்கள், திருப்பிப் போட மாட்டார்கள், அதனால் மேலே முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டை விழும். அந்த ஓட்டைக்குள் வெண்ணெயும் தேனும் இறங்குவதுதான் ருசியே. எங்களுக்கு வந்தது ஆறிப்போய், வெண்ணெய் மேலேயே உறைந்து கிடந்தது. சொன்னதும் முகம் சுளிக்காமல் சூடாக வேறு கொடுத்தார்கள். சரி, ஆனால் முதலிலேயே அப்படித் தந்திருக்க வேண்டும்.

புதினா போட்ட கிரீன் டீ நல்ல வாசம், சர்க்கரை தூக்கல். குறைவாக வேண்டுமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை 7 மணிக்கு மேல் போனால் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம்.