விளிம்பு வரை அழுத்துவதா, விட்டு விட்டு அழுத்துவதா, ஏபிஎஸ்ஸிடம் ஒப்படைப்பதா?

ஓடும் காரை எந்த முறையில் பிரேக் பிடித்து நிறுத்தினாலும், ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் உள்ளங்கையளவுப் பரப்பின் வழியாகத்தான் அதன் வேகம் குறைந்தாக வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு, அதாவது டயருக்குச் சாலையில் கிடைக்கும் பிடிமானத்தின் அளவு, 0.8 என்று கொண்டால், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் நிற்பதற்கு, ஓட்டுநர் சுதாரிப்பதற்குள் கடக்கும் தூரம் நீங்கலாக, ஏறக்குறைய 49 மீட்டர் தேவைப்படும். மழையில் அந்தக் கெழு 0.5 ஆகக் குறைந்தால் அதுவே 79 மீட்டராக நீளும். எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. எல்லைக்கு எவ்வளவு அருகில் செல்ல முடிகிறது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

பிரேக் பிடிக்கும்போது, காரின் வேகத்தைவிடச் சக்கரம் சற்றே மெதுவாகச் சுழல்கிறது. இந்தச் சறுக்கல் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும்போதுதான் டயர் மிகுதியான பிடிமானத்தைத் தருகிறது. அதற்கு மேல் அழுத்தினால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்கிறது. பிடிமானம் குறைவதோடு, ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேராகவே சறுக்கிச் செல்கிறது.

விட்டு விட்டு அழுத்தும் முறை, பூட்டிய சக்கரத்தை விடுவித்துத் திருப்பும் ஆற்றலை மீட்பதற்காக வந்தது. சக்கரம் பூட்டாமல் தானே காக்கும் ஏபிஎஸ் அமைப்பு இல்லாத பழைய காரில், ஈரச்சாலையில், இன்றும் அதற்குப் பயன் உண்டு. ஆனால் பெடலிலிருந்து கால் எழும் ஒவ்வொரு நொடியும் பிரேக் இல்லாமல் கழிகிறது. ஏபிஎஸ் உள்ள காரிலும் சிலர் இப்படியே செய்வது, நிற்கும் தூரத்தைத் தாமே நீட்டிக்கொள்வதாகும்.

சக்கரம் பூட்டும் விளிம்பு வரை அழுத்தி, அந்த அழுத்தத்தை அங்கேயே காத்து நிற்பது இதைவிட மேலான முறை, கடினமானதும் கூட. பிரேக் பிடித்ததும் காரின் எடை முன்சக்கரங்களின் மேல் சாய்வதற்குச் சிறிது நேரம் ஆகும் என்பதால், முதல் அழுத்தம் படிப்படியாக ஏற வேண்டும். 1994 முதல் ஏபிஎஸ் தடை செய்யப்பட்டுள்ள ஃபார்முலா 1 பந்தயத்தில் இந்தத் திறமையே கோலோச்சுகிறது. அங்கே வேகம் குறையக் குறைய, காரைக் கீழே அழுத்தும் காற்றின் விசையும் குறைவதால், ஓட்டுநர் முதலில் முழு வலிமையுடன் மிதித்துவிட்டுப் பிறகு அளந்து அளந்து தளர்த்துகிறார். ஆயினும் அது மீண்டும் மீண்டும் ஓட்டிப் பழகிய பாதை. பொதுச்சாலையில் இடப்பக்கச் சக்கரங்கள் மணலிலும் வலப்பக்கச் சக்கரங்கள் தாரிலும் இருக்கும்போது, ஒரே பெடலால் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியே அளவு வைக்க எந்தக் காலாலும் இயலாது.

ஏபிஎஸ் செய்வது அதைத்தான். 1978-இல் போஷ் நிறுவனத்தின் மின்னணு அமைப்பு மெர்சிடிஸ் எஸ் வகைக் காரில் வந்தது முதல், சக்கரங்களின் சுழற்சியை உணர்கருவிகள் அளக்க, பூட்டப்போகும் சக்கரத்தின் அழுத்தம் மட்டும் நொடிக்குப் பலமுறை குறைத்து ஏற்றப்படுகிறது. ஓட்டுநர் செய்ய வேண்டியது முழு வலிமையுடன் மிதித்து, பெடல் அதிர்ந்தாலும் காலை எடுக்காமல் இருப்பது மட்டுமே. தளர்ந்த சரளையிலும் புதுப்பனியிலும், பூட்டிய சக்கரம் தனக்கு முன்னே குவித்துக்கொள்ளும் மேடு தடுப்பாக உதவுவதால், ஏபிஎஸ் சற்று நீண்ட தூரம் எடுத்துக்கொள்ளக்கூடும். அங்கும் திருப்பும் ஆற்றல் கையில் இருப்பதால், பொதுச்சாலைக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதையே.

வளைவில் கணக்கு மேலும் இறுகுகிறது. நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் டயர் ஒரே பிடிமானத்தைப் பங்கிட்டுத் தருகிறது. இரு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்பதால் இது வெறும் கழித்தல் கணக்கன்று: நிறுத்துவதற்கு 80 விழுக்காட்டைச் செலவிட்டால் திருப்புவதற்கு ஏறத்தாழ 60 விழுக்காடு மிஞ்சும், முழுவதையும் செலவிட்டால் எதுவும் மிஞ்சாது. பந்தய ஓட்டுநர் வளைவுக்குள் பிரேக்கைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே திருப்புவது இந்தப் பங்கீட்டை நுட்பமாகக் கையாள்வதாகும். சாலையில் அதற்குத் தேவையில்லை: நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு வளைவில் நுழைந்தால், பாதி வளைவில் எதிரே மாடு நின்றாலும் நிறுத்துவதற்குப் பிடிமானம் மீதமிருக்கும்.