பெஞ்ச்மார்க்கா, விளையாடிப் பார்ப்பதா?

புதிதாக அசெம்பிள் செய்த பிசியில் கேம் எப்படி ஓடுகிறது? சைபர்பங்க் 2077 போன்ற கேம்களில் உள்ளேயே பெஞ்ச்மார்க் (ஒரு காட்சியைத் தானாக ஓட்டி வேகத்தை அளக்கும் சோதனை) இருக்கிறது. இல்லையென்றால் வேகத்தைத் திரையில் காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைப் போட்டுவிட்டு நீங்களே விளையாடி அளக்கலாம்.

செலவு: இரண்டுமே இலவசம்.

சுலபம்: பெஞ்ச்மார்க்குக்கு ஒரு பட்டன் போதும். ஆஃப்டர்பர்னரில் எந்தெந்த எண் திரையில் தெரிய வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கணும், எரிச்சல்தான்.

நம்பகம்: பெஞ்ச்மார்க்கில் ஒவ்வொரு முறையும் அதே காட்சி. ரேமுக்கு எக்ஸ்எம்பி (ரேமை அதற்குரிய கூடுதல் வேகத்தில் ஓட்டும் செட்டிங்) போடுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட அதுதான் சரி. ஆனால் சராசரி 90 எஃப்பிஎஸ் (நொடிக்கு 90 ஃப்ரேம்) என்று காட்டிய அதே பிசி, ஆள் நெருக்கமான தெருவில் திக்கலாம். அதைப் பிடிக்க விளையாடிக்கொண்டே 1% லோ எண்ணை (மிக மெதுவான 1% ஃப்ரேம்களின் வேகம்) பார்க்கணும். அரை மணி நேரம் ஆடினால்தான் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) சூடேறி வேகம் குறைகிறதா என்பதும் தெரியும்.

செட்டிங்கை மாற்றி மாற்றிப் பார்ப்பவருக்கு பெஞ்ச்மார்க். திக்குகிறதே என்று தவிப்பவருக்கு ஆஃப்டர்பர்னர். எல்டன் ரிங் ஆடுபவருக்கு இந்தக் குழப்பமே இல்லை, அதில் பெஞ்ச்மார்க் கிடையாது!