சுங்கை சிப்புட் பழம்பொருள் கடையின் கனிமப் பெட்டிகள்

பேராக் மாநிலத்துக் கிந்தா ஈய (வெள்ளீய) சுரங்கக் காலத்துக் கல் மாதிரிப் பெட்டிகள் இங்கே நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. தாராளமாக வாங்கலாம், ஆனால் கல்லுக்கு முன் அதனோடுள்ள பெயர்ச் சீட்டைப் படியுங்கள். நாட்டின் பெயர் 'மலாயா' என்றிருந்தால் பெரும்பாலும் 1963க்கு முந்தியது. 'பேராக்' என்று மொட்டையாக எழுதியதைவிட 'ஷீலைட், கிராமட் பூலாய்' எனச் சுரங்க ஊரோடு எழுதியதே மதிப்பு. டங்ஸ்டன் கனிமமான ஷீலைட்டைக் குற்றலை (short-wave) புற ஊதா விளக்கில் காட்டினால் நீலவெண்மையாக ஒளிரும்.

கறுப்புக் கல்லெல்லாம் ஈயக்கல் அல்ல. மெருகில்லாத வெள்ளைப் பீங்கானில் உரசுங்கள். ஈயக்கல்லான கேசிடரைட் வெளிறிய கோடுதான் விடும். ஈயம் பிரித்தபின் எஞ்சும் கனமணலான அமாங்கில் வரும் இல்மனைட் கருங்கோடு போடும், வலுவான காந்தத்துக்கும் அசையும். சந்தேகம் தீரவில்லையா? உதிர்ந்த துணுக்கைத் துத்தநாகத் தகட்டில் வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விடுங்கள். சாம்பல் நிற ஈயப் பூச்சு படிந்தால் கேசிடரைட்தான்.

பெட்டியில் பைரைட் (இரும்புக் கந்தகக் கல்) இருக்கும் சிறு தடுப்பைக் கட்டாயம் தூக்கிப் பாருங்கள். நம்மூர் ஈரத்தில் அது பொடிந்து அமிலம் கக்கும். பஞ்சும் சீட்டும் அரித்துப்போகும். சீட்டு போனால் பெட்டியின் பூர்வீகமே போய்விடும். அந்தக் கல்லை மட்டும் சிலிக்கா ஜெல்லோடு தனி டப்பாவில் வையுங்கள். மோனசைட் கல்லில் கதிர்வீச்சுள்ள தோரியம் உண்டு, படுக்கையறையில் வேண்டாம்.