வெப்பத் தடுப்பு என்று சொல்லி என் காரில் ஒட்டிய வெள்ளித் தாள்

எஞ்சின் இழுக்கும் காற்றைக் குளிர்ச்சியாக வைத்தால் புல்லிங் (வண்டியின் இழுவை) கூடும் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பட்டறை ஒன்றில் சொன்னதை நம்பி, 8,500 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். உச்சிப்புளிக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே வெயிலில் வண்டி ஓட்டும் வேறு யாருக்கும் இது நேரக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

அவர்கள் சொன்ன அடிப்படை சரியானதுதான். 36 டிகிரிக் காற்று 68 டிகிரிக்குச் சூடேறினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறைகிறது; எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவதால் இழுவையும் குறையும். ஆனால் அவர்கள் செய்த வேலை அதற்கு நேர்மாறானது. முன்பக்க கிரில்லிலிருந்து வெளிக்காற்றை இழுத்துவந்த கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, எஞ்சினின் சூடான புகையை வெளியே கொண்டுபோகும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்கு ஒரு சாண் தூரத்தில் மூடியில்லாத கூம்பு ஃபில்டரை மாட்டி, அதைச் சுற்றி வெள்ளித் தாளை ஒட்டியிருந்தார்கள்.

பாம்பன் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்து நகர்ந்த ஒரு மதியம், கருகல் நாற்றம் வந்தது. பாலத்தைக் கடந்து ஓரமாக நிறுத்திப் பானட்டைத் திறந்தபோது, அந்தத் தாள் உருகிச் சுருங்கி மேனிஃபோல்டை நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. தகரக் கூரைக்கு அடியில் விரிக்கும் பாலித்தீன் குமிழித் தாள் அது. பல நூறு டிகிரிக்குச் சூடேறும் மேனிஃபோல்டின் அருகே அதை ஒட்டுவது தீயை அழைப்பதாகும். பின் இருக்கையில் என் பிள்ளைகள் இருந்தார்கள். வண்டியின் சென்சார் அளவுகளைக் காட்டும் ஓபிடி ஸ்கேனரை நண்பரிடம் வாங்கி அன்றே மாட்டிப் பார்த்தோம். வெளியே 36 டிகிரி, எஞ்சினுக்குள் போன காற்றோ 68.

பட்டறையில் கேட்டபோது, "கடற்கரை வெயில் அப்படித்தான் அண்ணே, சைலன்சர் குழாய்க்கும் வெப்பம் தாங்கும் துணி சுற்றிவிடுவோம்" என்று மேலும் 3,000 ரூபாய் கேட்டார்கள். உப்புக் காற்றின் ஈரத்தை அந்தத் துணி பிடித்துவைத்துக் குழாயைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால் மறுத்துவிட்டேன். என் பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்களாம். பணத்தையும் திருப்பித் தரவில்லை.

முறையான ஹீட் ஷீல்டு (வெப்பத் தடுப்பு) என்பது அலுமினியம் போன்ற உலோகத் தகடோ, பளபளப்பான மேற்பரப்பு கொண்ட கண்ணாடியிழைத் துணியோதான். வெப்பம் வரும் பக்கம் பளபளப்பு இருக்க, விரலளவு இடைவெளி விட்டு போல்ட்டால் முடுக்க வேண்டும். அதுவும் வெப்பத்தை மறைக்குமே தவிர, காற்றைக் குளிரவைக்காது. ஆகவே கழற்றும் பாகங்களைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே சாலையில் ஸ்கேனர் அளவைப் பாருங்கள்.

மதுரையில் 2,800 ரூபாய்க்குப் பழைய பெட்டி ஒன்றை வாங்கி மாட்டிய பிறகு, ஓட்டத்தில் 42 டிகிரிதான் காட்டுகிறது. ஆனால் கூம்பு ஃபில்டரைக் கழற்றியபோது, அதற்கு அப்பால் இருந்த குழாயின் உட்புறத்தில் தனுஷ்கோடியின் நுண்மணல் படிந்திருந்தது. சிலிண்டர் தேய்ந்திருக்கிறதா என்று கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்க்க வண்டியை விட்டிருக்கிறேன்.