தாலுகா ஆபீஸ் எதிரில் "பழைய ரெக்கார்டு எடுத்துத் தர்றேன்" என்று சொல்பவர்களிடம் ஜாக்கிரதை (தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு)

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள், முக்கியமாக ஊரில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு ஓசூர், பெங்களூர் என்று வேலைக்குப் போனவர்கள், இதைப் படித்துவிட்டு வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு "உள்ள நம்ம ஆளு இருக்காரு, எந்தக் காலத்து ரெக்கார்டா இருந்தாலும் எடுத்துடலாம்" என்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் பத்திரத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். என் சித்தப்பாவிடம் அப்படி ஒருத்தன் தவணை தவணையாக 22,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போலி நகலைக் கையில் திணித்துவிட்டான். எந்தத் தாலுகா, ஆள் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஸ்டேஷனில் மனு இருக்கிறது, அது போதும்.

பிரச்சினை ஒரு வண்டிப்பாதை. சித்தப்பாவின் மாந்தோப்புக்குப் போக இருக்கிற ஒரே வழி அது. அவர் அப்பா காலத்தில் இருந்து மாட்டுவண்டி போய், இப்போது டிராக்டர் போகிறது. பக்கத்துக் காட்டைப் புதிதாக வாங்கியவர் பாதையின் வாயிலேயே கல் நட்டுக் கம்பி இழுத்துவிட்டார். கேட்டால், "என் பட்டாவுல சேர்ந்து இருக்குதுங்க, உங்ககிட்ட ரெக்கார்டு இருந்தா கொண்டாங்க" என்கிறார். அவர் சொன்னதும் பாதி சரிதான், ஏனென்றால் இப்போதைய பட்டாவிலும் வரைபடத்திலும் பாதை தனியாக இல்லை. 1979-ல் ஆரம்பித்து எண்பதுகளில் நடந்த யுடிஆர் (நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த திட்டம்) நில அளவையின்போது அது பக்கத்துப் புல எண்ணோடு கலந்துவிட்டிருக்கிறது. இந்தப் பக்கம் பாதி ஊர்த் தகராறுக்கு யுடிஆர்தான் மூலம் என்று சொன்னால் மிகையில்லை. ஆக வேண்டியது யுடிஆருக்கு முந்தைய அ பதிவேடு, அதாவது கிராமத்தின் ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம், எவ்வளவு பரப்பு, யாருடையது என்று எழுதி வைத்திருக்கிற கணக்கு. அதில் "வண்டிப்பாதை" என்று இருந்தால் புறம்போக்கு, வேலியை எடுத்தே ஆக வேண்டும்.

மாங்காய் சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. காயைத் தலைச்சுமையாக ரோடு வரைக்கும் இறக்கினால் கூலியிலேயே எல்லாம் போய்விடும். இந்த அவசரத்தில்தான் அந்த ஆள் வந்து சேர்ந்தான். அவன் சொன்ன கதை என்னவென்றால், தர்மபுரி மாவட்டமே 1965 அக்டோபர் 2-ல்தான் பிறந்தது, அதற்கு முன்னால் எல்லாம் சேலம் ஜில்லா, அதனால் உங்கள் ரெக்கார்டு சேலம் கலெக்டரேட்டில் மூட்டை கட்டிக் கிடக்கிறது, அதைத் தேடி எடுக்க அங்கே ஆளுக்குக் கொடுக்க வேண்டும், இங்கே ஆளுக்குக் கொடுக்க வேண்டும். இதில் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால் முதல் பாதி உண்மை. மாவட்டம் பிரிந்த கதை எல்லாருக்கும் தெரியும், பழைய ஃபைல் எங்கே போச்சோ என்ற சந்தேகமும் எல்லாருக்கும் உண்டு, அதில் அவன் கடை விரித்துவிட்டான். கிருஷ்ணகிரிக்காரர்களிடம் இதே கதையை வேறு மாதிரி சொல்வார்கள்: 2004 பிப்ரவரி வரை நீங்கள் தர்மபுரி, அதனால் ரெக்கார்டு தர்மபுரியில், அதற்கும் முன்னால் போனால் சேலத்தில், ஆக ரெண்டு இடத்துக்கும் செலவு.

முதலில் ஐயாயிரம் வாங்கிக்கொண்டு கொண்டுவந்து கொடுத்தது என்ன தெரியுமா? இப்போதைய அ பதிவேடு, பட்டா, புல வரைபடம். இந்த மூன்றையும் தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் போட்டு யார் வேண்டுமானாலும் சும்மா எடுக்கலாம். ஓடிபி கேட்டால் போட வேண்டும், அவ்வளவுதான். அந்த பிரிண்ட்டின் அடியில் ஒரு வாசகம் வரும், இது மின் பதிவேட்டில் இருந்து எடுத்தது, இந்தக் குறிப்பு எண்ணைப் போட்டு இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளவும் என்று. அவன் கொடுத்த தாளில் அந்த அடிப்பகுதி மட்டும் ஜெராக்ஸில் விழாமல் வெட்டுப்பட்டிருந்தது, அந்த இடத்தில் ஊதா மையில் வட்டமாக ஒரு சீல். சீலில் எழுத்து ஒன்றும் படிக்க முடியாது, ஆனால் பார்த்ததும் நம்ம ஆளுகளுக்கு மரியாதை வந்துவிடும். யாராவது பட்டா நகல் கொடுத்தால் முதலில் அடியில் குறிப்பு எண்ணும் கியூஆர் கட்டமும் இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம் வந்தது "சேலத்து ரெக்கார்டு". 1954-ம் வருஷத்து அ பதிவேட்டு நகலாம். பழுப்பு நிறத் தாள், ஓரமெல்லாம் மடிந்து, நடுவில் "வண்டிப்பாதை" என்று அழகான கையெழுத்து. சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஊரில் ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. ஒருவரிடம் போனோம், எங்களுக்குத் தாத்தா முறை, 1980-ல் கர்ணம் முறையை ஒழிக்கிற வரைக்கும் அவர் அப்பாதான் ஊருக்குக் கணக்குப்பிள்ளை. அவர் கண்ணாடியைக்கூடப் போடவில்லை, கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்பா, 54-ல தர்மபுரி ஜில்லாவே ஏது?"

தலைப்பில் "தர்மபுரி மாவட்டம்" என்று எழுதியிருந்தது. சேலத்தில் இருந்து எடுத்தேன் என்று கதை சொன்னவன் தலைப்பை மாற்ற மறந்துவிட்டான். அப்புறம் அவர் ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்தார். பரப்பளவு ஹெக்டேர், ஏர் என்று இருக்கிறது, அந்தக் காலத்தில் ஏக்கர், சென்ட். தீர்வை (நில வரி) ரூபாய், பைசா என்று இருக்கிறது, 1957-க்கு முன்னால் புதுப் பைசாவே கிடையாது, ரூபாய் அணா பைதான். "கடைசியா இன்னொண்ணு. நகல் கொடுக்கிறவன் இன்னைக்கு எழுதித்தானே கொடுப்பான், தாளு ஏன் இவ்ளோ பழசா இருக்குது?" இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை. சான்றிட்ட நகல் என்றால் அது புதுத் தாளில்தான் இருக்கும், உண்மை நகல் என்று எழுதி, கொடுத்த தேதியும் அலுவலர் கையெழுத்தும் பதவி முத்திரையும் இருக்கும். பழைய காகிதம் மாதிரியே ஒன்று உங்கள் கைக்கு வந்தால் ஒன்று அது திருடியது, இல்லை தயாரித்தது.

அந்தத் தாளைக் கோர்ட்டிலோ ஆர்.டி.ஓ. விசாரணையிலோ நீட்டியிருந்தால் போலி ஆவணம் கொடுத்ததாகச் சித்தப்பா மேல்தான் கேஸ் திரும்பியிருக்கும். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

போய்க் கேட்டதும் ஆளின் பேச்சு மாறிவிட்டது. அதுவரை "அண்ணா, அண்ணா" என்றவன், "சரிபார்க்கிறதுக்கு" என்று வாங்கி வைத்திருந்த மூலப்பத்திரத்தைக் கொடுக்க இன்னும் எட்டாயிரம் பாக்கி என்றான். இவர்கள் தொழிலே இதில்தான் நிற்கிறது. ஒரிஜினல் பத்திரம் தொலைந்தால் அப்புறம் போலீஸ் புகார், பேப்பர் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று என்று அலைய வேண்டும், அந்த பயத்தில் ஆட்கள் பணத்தைக் கட்டிவிடுவார்கள். நான் வாய்ச் சண்டைக்குப் போகவில்லை. ஸ்டேஷனில் மனு எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனு வாங்கியதற்கு ஸ்டேஷனில் தருகிற சீட்டு) வாங்கி அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், சாயந்திரத்துக்குள் பத்திரம் ஜெராக்ஸ் கடையில் இருந்தது, ஆள் இல்லை.

இதை ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: பதிவு செய்த கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை, கட்டணம் கட்டினால் சார் பதிவாளர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவிலேயே அது இருக்கிறது. உங்கள் பத்திரம்தான் என்றில்லை, வேலி போட்ட பக்கத்துக்காரரின் பத்திரத்தையும் வாங்கி, நான்கெல்லையில் "வண்டிப்பாதைக்கு வடக்கு" என்று எழுதியிருக்கிறதா பார்க்கலாம். (உயில் மட்டும் இதில் வராது, அதற்கு வேறு புத்தகம்.) பத்திர எண் தெரியாவிட்டால் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கம் (அந்த நிலத்தில் நடந்த பத்திரப் பதிவுகளின் பட்டியல்) போட்டுப் பாருங்கள், பார்ப்பதற்குக் காசு இல்லை. நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். பக்கத்துக்காரருக்கு விற்றவருடைய பழைய பத்திரத்தில் எல்லையாகப் பாதை இருக்கிறது, இவர் வாங்கிய புதுப் பத்திரத்தில் அந்த வார்த்தையைக் காணோம்.

சரி, பழைய அ பதிவேட்டுக்கு வருவோம். முதலில் தாசில்தாருக்கு நகல் மனு கொடுத்தோம், வாங்கி வைத்துக்கொண்டார்கள், அசையவில்லை. அப்புறம் ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்டப்படி மனு) போட்டோம். தமிழில் எழுதலாம், வெள்ளைத் தாள் போதும், 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம் என்று முகவரி எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் முடிந்தது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக்கூடாது, நீங்கள் சொல்லவும் வேண்டாம். நிறையப் பேர் கோட்டை விடுவது கேள்வியில்தான். "ஏன் பாதையை எடுத்தீர்கள், யார் பொறுப்பு, நடவடிக்கை என்ன" என்று எழுதினால் "விளக்கம் கேட்பது தகவல் ஆகாது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி: இன்ன கிராமம், இப்போதைய புல எண் இது, இதற்கு இணையான பழைய புல எண்ணைக் காட்டும் ஒப்பீட்டுப் பதிவேட்டின் நகல், அந்தப் பழைய எண்ணுக்கான யுடிஆருக்கு முந்தைய அ பதிவேட்டின் சான்றிட்ட நகல், அதே காலத்துப் புல வரைபடத்தின் நகல், இவற்றை நேரில் பார்வையிட அனுமதி. பழைய எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் புது எண்ணை மட்டும் போட்டுக் கேட்டால் "அப்படி ஒரு எண் பழைய பதிவேட்டில் இல்லை" என்று உண்மையாகவே பதில் வரும். பழைய அடங்கல் (வருஷா வருஷம் எழுதுகிற பயிர்க் கணக்கு) கேட்பவர்கள் பசலி ஆண்டை, அதாவது வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டைப் போடுங்கள், ஜூலையில் தொடங்குகிற வருஷத்தில் 590-ஐக் கழித்தால் பசலி. 1954 ஜூலை என்றால் பசலி 1364.

சேலத்தில் இருக்குமோ, தர்மபுரியில் இருக்குமோ என்று மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம். வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்பி உங்களுக்குத் தகவல் கொடுக்க வேண்டியது அவர்கள் வேலை, தகவல் உரிமைச் சட்டம் 6(3). புரோக்கருக்கு வண்டிச் செலவு கொடுக்கிற வேலை அரசுக்கு 5 நாளில் தபாலில் முடிகிறது.

30 நாளில் பதில் வர வேண்டும். எங்களுக்குக் கெடு முடிகிற நேரத்தில் "ஆவணம் கண்டறிய இயலவில்லை" என்று வந்தது. இந்த வரியைப் பார்த்துத்தான் பாதிப் பேர் மறுபடி புரோக்கரிடம் போகிறார்கள். போகாதீர்கள். பதிலிலேயே மேல்முறையீட்டு அலுவலர் யார் என்று இருக்க வேண்டும், அவருக்கு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு எழுதுங்கள், கட்டணம் இல்லை. ஆவணம் அழிக்கப்பட்டது என்றால் அழித்த உத்தரவின் நகல் கொடுங்கள், அழிக்கப்படவில்லை என்றால் தேடி எடுத்துக் கொடுங்கள், இந்த ரெண்டே வரி. அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. அங்கே போனால் தகவல் அலுவலருக்கு நாள் ஒன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போட வழி இருக்கிறது. உண்மையில் போடுவது எப்போதோதான், ஆனாலும் அந்தப் பிரிவை மனுவில் எழுதினால் பீரோ திறக்கிறது.

எங்களுக்கு ஆணையம் வரைக்கும் போக வேண்டி வரவில்லை. வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் வந்தது. பதிவறையில் ஒரு அம்மா பழைய காடாத் துணியில் கட்டிய பெரிய புத்தகத்தை மேஜையில் வைத்தார்கள், ஓரமெல்லாம் அரித்துப் போய், திருப்பினால் பொடி உதிர்கிறது. கண்டறிய இயலாத அந்த ஆவணம் கதவுக்கு நேர் எதிர் அலமாரியில்தான் இருந்தது. எங்கள் பழைய எண்ணுக்கு நேராக ஏக்கர், சென்ட், அதற்கு அடுத்த எண்ணில் "சர்க்கார் புறம்போக்கு", கடைசிக் கட்டத்தில் "வண்டிப்பாதை". நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டினோம்.

அந்த நகலையும் பக்கத்துக்காரரின் பழைய பத்திர நகலையும் வைத்து யுடிஆர் திருத்த மனு கொடுத்திருக்கிறோம், சர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். கம்பி இன்னும் இருக்கிறது, ஆனால் சீசனுக்கு மட்டும் டிராக்டர் போக அவர் தானாகவே ஒரு பக்கம் அவிழ்த்துவிட்டார். 22,000-ல் ஐயாயிரம் திரும்பி வந்தது, மீதிக்கு இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறார். உங்களில் யாருக்காவது அ பதிவேட்டு நகல் என்று யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் தலைப்பில் மாவட்டம், பரப்பு, தீர்வை மூன்றையும் வருஷத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் வக்கீலிடம் கொடுங்கள்.