மூன்று மருந்து, ஒரு குளிசை: பயன்படுத்துபவரின் மதிப்பீடு

டெனோபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் ஆகிய மூன்றும் அடங்கிய எச்.ஐ.வி. குளிசையைத் திருகோணமலையில் வசித்தபடி நாள்தோறும் உட்கொள்பவன் என்ற வகையில் இதனை எழுதுகிறேன். அரச சிகிச்சை நிலையங்களில் இச்சிகிச்சை இலவசம்.

முன்னர் எனக்குத் தரப்பட்ட எபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து, தலைச்சுற்றையும் விடியும்வரை விடாத கனவுகளையும் கொண்டுவந்தது. அந்தத் தொல்லை இதில் இல்லை. முதல் இரண்டு மருந்துகளும் வைரஸ் தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்றுவதைத் தடுக்க, மூன்றாவது அந்த டி.என்.ஏ. நமது உயிரணுவின் மரபணுவோடு இணைவதைத் தடுப்பதால், ஓரிடத்தில் தப்பும் வைரஸ் மற்றோரிடத்தில் அகப்படுகிறது. இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவிலேயே நீடித்தால் உடலுறவின் மூலம் துணைக்குத் தொற்றாது என்பதே, மணமானவனான எனக்கு, இதன் ஆகப் பெரிய பயன். ஆயினும் மறைந்திருக்கும் தொற்றை இது அழிப்பதில்லை. நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகும்.

குறைகளும் உண்டு. எனக்கு உடல் எடை கூடியது. டெனோபோவிரின் பொருட்டுச் சிறுநீரகப் பரிசோதனையும் அவ்வப்போது அவசியம். அலுமினியம், மக்னீசியம் கலந்த நெஞ்செரிவு மருந்தை உட்கொள்வதற்கு இரண்டு மணி நேரம் முன்னரோ ஆறு மணி நேரம் பின்னரோதான் டோலுடெக்ராவிரை எடுக்க வேண்டும்; நான் விவரம் சொல்லிக் கேட்டும் ஒரு மருந்தகத்தில் இதனை எவரும் எச்சரிக்கவில்லை. ஈரப்பதத்துக்கு ஆகாது என்பதால் போத்தலிலிருந்து எடுத்துக் கடதாசியில் சுற்றி வைக்கவும் கூடாது. கொழும்பு பஸ்ஸில் அந்தப் போத்தல் கலகலப்பதுதான் சற்றுச் சங்கடம்.